எருமை சான்றளித்த புல்தரை

என் மனைவி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்தாள். இதை ஏதோ நேர்த்திக்கடன் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அவளுக்குக் குதிகால் வலி. புணே நகரின் கேம்ப் பகுதியிலிருந்த ஒரு மருத்துவர் அவளது பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் வெறுங்காலோடு நடக்க வேண்டும், புல்தரையாயின் மிகவும் நல்லது, மேடுபள்ளம் மட்டும் அறவே கூடாது என்று சொல்லியனுப்பினார்.

நாங்கள் குடியிருந்த பாணேரில், இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், மேடுபள்ளத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சாலையின் ஒரு பக்கம் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டியிருந்தார்கள். அது மூடப்பட்ட மறுநாள் தொலைபேசிக் கம்பிக்காக மறுபக்கத்தைத் தோண்டினார்கள். எனவே மூன்று நாற்காலிகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மேசையை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டு, அதைச் சுற்றி அவள் நடக்கலானாள். எஞ்சியது ஒரே நாற்காலி. ஆகையால் நாங்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிட்டோம். நான் உண்ணும்போதும் அவள் சுற்று நிற்காது. குழம்பு வேண்டுமென்றால் அவள் என் வலப்பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் நிலம் இல்லாமலில்லை. ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகளில் எங்களுடையது கடைசி. அதனால் முப்பதடிக்கு இருபதடியில், மூன்று புறமும் மதில் சூழ்ந்த ஒரு துண்டு நிலம் எங்களுக்கு வாய்த்திருந்தது. ஆனால் வீட்டைக் கட்டியவர்கள் தங்களுக்கு வேண்டாதன யாவற்றையும் அங்கேதான் விட்டுச் சென்றிருந்தார்கள். செங்கல் துண்டுகள், இறுகிப்போன சிமெண்டு மூட்டைகள், உடைந்த கழிப்பறைப் பீங்கான், இவற்றின்மேல் முருக்கம்பூ நிறத்தில் கொட்டிய முரும் என்னும் சரளை மண். துணி உலர்த்தப் போன முதல் மாதமே என் மனைவி அங்கு இடறி விழுந்து, கணுக்கால் வீங்கி, மூன்று வாரம் படுத்திருந்தாள். அன்று முதல் அவள் சமையலறைப் பின்கதவின் படியைத் தாண்டியதில்லை.

பணி ஓய்வு பெற்ற மறுவாரம் அந்த நிலத்தைப் பின்கதவில் நின்று பார்த்தேன். அதைச் சமன்படுத்திப் புல் வளர்த்து, அவளை அந்த மேசையிலிருந்து விடுவிப்பதென்று முடிவு செய்தேன்.

இவ்விடத்தில் என் தகுதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு விடை கொடுத்துவிட்டது. அதன்பின் கற்றதெல்லாம் கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும், பழைய புத்தகக் கடைகளிலும், இறுதியாகப் புணேயை அடுத்த ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையின் ஓர் ஆலையிலும் கற்றவை. எந்திரங்களை அடித்தளத்தின்மேல் நிறுவிச் சமன் செய்வது என் வேலை. கடைசல் எந்திரம் ஒன்று தலைமுடியளவு சாய்ந்து நின்றாலும் அதில் கடையப்படும் பொருள் பாழாகும். நான் நிறுவிய எந்திரம் எதுவும் அவ்வாறு சாய்ந்ததில்லை. ஓய்வு பெறுவோர்க்கெல்லாம் சுவர்க்கடிகாரம் கொடுக்கும் வழக்கமுடைய அந்த ஆலையில், எனக்கு மட்டும் தோழர்கள் ஒரு துல்லிய ரசமட்டத்தை நீல வெல்வெட்டு வைத்த மரப்பெட்டியில் வழங்கினார்கள். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி நடுவில் நின்றால் தளம் சமம். ஓரம் போனால் சாய்வு. கொத்தனார்களின் ரசமட்டத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, காய்கறிக்கடைத் தராசுக்கும் நகைக்கடைத் தராசுக்கும் உள்ளது.

உதவிக்கு ஒரு தோட்டக்காரரை அமர்த்தினேன். பாணேர்க் கிராமத்தையே சேர்ந்தவர், ஐம்பது வயது, தலையில் வெள்ளைக் குல்லாய். அவர் முதல் நாள் நிலத்தின் ஓரத்தில் குந்தி, தலையைத் தோள்மேல் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கித் தரையில் ஊற்றி, அது ஓடும் திசையைப் பார்த்தார். தவறாகச் செய்பவர்களிடம் காட்ட வேண்டிய மரியாதையோடு நான் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

குப்பைகளை அகற்றவும், சரளையை வெட்டியெடுத்துக் கரிசல் மண்ணும் சாணி எருவும் நிரப்பவும் சித்திரை மாதம் முழுவதும் ஆயிற்று. மண்ணைப் பரப்பி முடித்த அன்று தோட்டக்காரர் பின்மதிலைச் சுட்டிக் காட்டி, அந்தப் பக்கமாக நான்கு விரற்கடை சரிவு விடலாம் என்றார். மதிலின் அடியில், கையை நுழைக்கும் அளவுக்கு ஒரு துவாரம் இருந்தது. அதை நான் முந்தின வாரமே சிமெண்டு பூசி அடைத்திருந்தேன். அதன் வழியாக மண் அரித்துக்கொண்டு போனால் என் அளவுகள் என்னாவது?

"சரிவு கிடையாது," என்றேன். "எல்லாம் ஒரே சமம்."

அவர் அடைபட்ட துவாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப், பானி கிதர் ஜாயேகா?"

தண்ணீர் எங்கே போகும் என்பது அவர் கேள்வி.

"கஹீ நஹீ ஜாயேகா," என்றேன். எங்கும் போகாது. போகுமானால் தளம் சமமில்லை என்பதல்லவா அதன் பொருள்? முப்பது ஆண்டுகளாகக் குமிழி எங்கும் போகாதிருப்பதற்காகவே ஊதியம் வாங்கியவன் நான்.

"டீக் ஹை, சாப்," என்று ஒப்புக்கொண்டு அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

சமையலறைச் சன்னலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, அந்த மனுசன் என்னமோ சொல்றாருங்களே."

"அவருக்கு இந்த வேலையோட நுணுக்கம் தெரியாது, அம்மிணி."

"தோட்டக்காரருக்குங்களா?"

"ஆமா."

"செரிங்க," என்றாள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்வதற்குப் பல விதங்கள் உண்டு. இது உடன்பாட்டைக் குறிக்கும் விதமன்று.

மறுநாள் முதல் என் முறைப்படி வேலை தொடங்கியது. மூன்றடிக்கு ஒன்றாக முளைகள் அடித்தேன். எல்லா முளைகளின் தலையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இதற்கு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தை ஒப்பிடுவது வழக்கம். நீர் கண்ணுக்குப் புலப்படுவதற்காக அதில் சிறிது நிறம் கலந்தேன்.

"ஏனுங்க, சாமி மாடத்துல இருந்த குங்குமச் சிமிழ் எங்கீங்க?"

"அங்கதான் இருக்குது."

"சிமிழ் இருக்குதுங்க. குங்குமத்தக் காணோம்."

"குழாய்க்குள்ள இருக்குது."

காலடி ஓசை சமையலறைக்குள் திரும்பிற்று. பிறகு பாத்திரம் ஒன்று தேவைக்கு மிகுந்த ஓசையோடு வைக்கப்பட்டது.

முளைகளுக்கிடையே நூல் கட்டி, அலுமினியச் சட்டத்தால் மண்ணை இழுத்து, திமிசுக் கட்டையால் இடித்து, வாடகைக்கு எடுத்த கல் உருளையை நெடுக்கிலும் குறுக்கிலும் உருட்டினோம். அத்துடன் நிறுத்தியிருப்பவன் சாமானியன். நான் வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்தேன். சட்டத்தின்மேல் ரசமட்டத்தை வைத்ததும் குமிழி ஓரத்துக்கு ஓடிற்று. அந்த இடத்தை இரம்பத் தகட்டால் சுரண்டினேன். குமிழி மறு ஓரத்துக்கு ஓடிற்று. ஒரு சிட்டிகை மண்ணைத் தூவினேன். சட்டத்தின் அடியில் ஓர் எறும்பு புகுந்தது. குமிழி அதையும் அறிவித்தது.

இவ்வாறு மூன்று வாரம். நிலத்தில் எவரும் கால் வைக்கலாகாதென்று ஆணையிட்டேன். நானே செங்கற்களின்மேல் பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். காகங்களை விரட்டுவதற்கென ஒரு மூங்கிற் கழியை அருகில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் சென்னையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். கணினித் துறையில் பணி. அவர் ஒருநாள் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, "அங்கிள், புதையலா?" என்று வினவினார்.

"சமன் செய்றேன், தம்பி."

"இன்னுமா? போன மாசமே பிளாட்டாதானே இருந்துச்சு?"

பட்டம் பெற்றவர்களுக்குப் பொறுமை பாடத்திட்டத்தில் இல்லை என்று எண்ணிக்கொண்டு, நான் மீண்டும் படுத்தேன்.

என் மனைவியோ பின்கதவின் மேற்படியில் காப்பியை வைத்துவிட்டு நின்று பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்: "ஏனுங்க, இது நான் நடக்கறதுக்குத்தானுங்களே?"

"வேற யாருக்கு?"

"இல்லீங்க. ஒரு எறும்பு நடந்தாவே ஆகமாட்டேங்குது. எம்பட எடைக்கு இது தாங்குமுங்களா?"

நான் பலகையிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் அவள் மேசையைச் சுற்றப் போய்விட்டாள்.

ஆனி பிறக்குமுன் தோட்டக்காரரும் அவர் மனைவியும் வந்து, நாற்று நடுவதுபோல் அறுகம்புல் துண்டுகளை வரிசை வரிசையாக ஊன்றினார்கள். அவர்களையும் பலகைமேல் குந்தவைத்தே நடச் செய்தேன். அவர் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நடவு முடிந்ததும் கைகளைக் கழுவிக்கொண்டு, ஆண்டுதோறும் போவதுபோல் பண்டரிபுரத்துக்கு நடைப்பயணம் புறப்படுவதாகவும், திரும்ப ஒரு மாதம் ஆகுமென்றும் தெரிவித்தார். வாசல் வரை சென்றவர் மீண்டும் வந்து, பின்மதிலை ஒருமுறை பார்த்தார்.

"சாப், பானி..."

"உங்கள் சாமி விட்டல் பார்த்துக்கொள்வார்," என்று இந்தியில் சொல்லி அனுப்பிவைத்தேன்.

அவர் பண்டரிபுரத்துச் சாலையில் இரண்டு நாள் நடந்திருப்பார். மழை வந்தது.

முதல் நாள் மழை நின்றதும் பின்கதவைத் திறந்தேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு சிறிது விம்முகிறது. நிலம் முழுவதும் ஒரு கண்ணாடிப் பலகை விரித்தாற்போல் நீர் பரவி நின்றது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, எஃகு அளவுகோலுடன் நான்கு மூலைகளுக்கும் சென்று ஆழத்தை அளந்தேன். இரண்டங்குலம். இரண்டங்குலம். இரண்டங்குலம். இரண்டங்குலம். நடுவிலும் அதுவே.

"அம்மிணி, இங்க வந்து பாரு. நாலு மூலையும் ஒரே அளவு."

அவள் வந்து பார்த்தாள். "தண்ணியுங்களா?"

"தளம். தளத்தைப் பாரு."

"தளம் தெரியலீங்களே. தண்ணிதானுங்க தெரியுது."

கரிசல் மண் முதல் மழையைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் இயல்புடையது. அதையும் நாங்கள் திமிசால் இடித்து, உருளையால் அமுக்கியிருந்தோம். அடுத்த நான்கு நாள் பெய்த மழையில் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. மூன்று புறம் மதில், ஒரு புறம் வீடு, பக்கச் சந்தில் அரையடி உயரச் சிமெண்டுப் பாதை. நான் வாக்களித்தபடியே தண்ணீர் எங்கும் போகவில்லை. ஐந்தாம் நாள் அது பின்கதவின் கீழ்ப்படியை மூழ்கடித்தது. புல் நாற்றுகள் வேர் கழன்று மிதக்கத் தொடங்கின. தவளைகள் எங்கிருந்து வந்தனவென்று தெரியவில்லை. வந்தவை உடனே குடும்பம் நடத்தத் தலைப்பட்டன.

"அங்கிள்," என்று மதிலுக்கு மேலே தலை தோன்றியது. "நீச்சல் குளத்துக்கு சொசைட்டில பெர்மிஷன் வாங்கினீங்களா?"

நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வந்தேன். நடுக்கூடத்தில் என் மனைவி இருபத்திரண்டாவது சுற்றில் இருந்தாள். என்னைக் கண்டும் நடையை நிறுத்தாமல் இருபத்துமூன்றாவதைத் தொடங்கினாள். அவள் ஏதேனும் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவளை அந்த மேசையிலிருந்து விடுவிக்கப் புறப்பட்டவன், அவளது பின்கதவுக்கு ஓர் அகழியை வெட்டி முடித்திருந்தேன்.

ஏழாம் நாள் காலையில் எரிவாயு உருளை கொண்டுவந்தவர் வெளிக்கதவைத் திறந்தபடி விட்டுச் சென்றார். சிறிது நேரத்தில் பின்பக்கம் பெரிய பெருமூச்சொன்று கேட்டது. சன்னல் வழியே நோக்கினால், என் சமதரையின் நட்டநடுவில் ஓர் எருமை படுத்திருந்தது. கண்களைப் பாதி மூடி, கொம்புகளைப் பின்னே சாய்த்து, தாடையை அசைத்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் என் அறுகம்புல்.

அலுமினியச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினேன். கிராமத்தில் பால் விற்கும் மராத்தி அம்மையார் ஒருவர் எருமையைத் தேடிக்கொண்டு சந்து வழியே வந்து சேர்ந்தார். அவர் என்னை நிந்திப்பார் என்றோ மன்னிப்புக் கேட்பார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் செய்யாமல், குளத்தை நாற்புறமும் நோக்கி வியந்தார்.

"காகா, யார் கட்டினது இது?" என்று, என்னைச் சித்தப்பா முறை வைத்து, மராத்தி கலந்த இந்தியில் கேட்டார்.

"நான்தான்," என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

"நல்லாக் கட்டியிருக்கீங்க. ஆற்றங்கரைக் குட்டையில எல்லாம் குழி. போன வருசம் இவளுக்குக் கால் மடங்கிப்போச்சு. அதிலிருந்து எங்க தண்ணியைக் கண்டாலும் இறங்க மாட்டா. இங்க பாருங்க, தானே வந்து இறங்கியிருக்கா."

படியில் நின்ற என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் எருமையின் காலைப் பற்றிய செய்தி புரிந்திருக்க வேண்டும். அம்மையார் நாவால் ஓசை எழுப்பினார். எருமை அசையவில்லை. நான் சட்டத்தால் அதன் முதுகைத் தொட்டேன். அது காதை மட்டும் ஆட்டியது.

"விடுங்க," என்றாள் என் மனைவி. "அந்தக் கோலுக்கெல்லாம் அது எந்திரிக்காதுங்க."

அவள் உள்ளே சென்று, அரிசி கழுவிய நீரும் முந்தின நாள் சோறும் கலந்த வாளியோடு வந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். முதற்படி, இரண்டாம்படி, மூழ்கிய கீழ்ப்படி, அப்புறம் நீர். நான் வழிவிட்டு விலகினேன். அவள் என்னைக் கடந்து, எருமையிடம் போய், வாளியை அதன் மூக்கருகே காட்டி, "வாடி, வா" என்று தமிழில் அழைத்தாள். எருமை எழுந்தது. அவள் வாளியைப் பிடித்தபடி பின்புறமாகவே, கீழே பார்க்காமல், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை நடந்து, சிமெண்டுப் பாதைவரை அதை அழைத்துச் சென்றாள்.

எருமையும் அம்மையாரும் போனபின் அவள் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி, வெறும் வாளியோடு, மறுபடி எதிர்மூலைக்கு நடந்தாள். அங்கிருந்து அடுத்த மூலைக்கு.

"ஏனுங்க."

"சொல்லு."

"ஒரு இடத்துல கூட இடறலீங்க."

நான் குனிந்து, மிதந்துவந்த ஒரு புல் நாற்றை எடுத்து நீரில் அலசினேன். 

"பலகையில படுத்துக்கிட்டு என்ன பண்றீங்கன்னு நெனச்சேனுங்க," என்றாள். சிறிது தூரம் நடந்தபின் சேர்த்துக்கொண்டாள்: "தண்ணி ஜில்லுன்னு குதிகாலுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா தவளை காலச் சுத்துதுங்க."

அடுத்த மூன்று வாரமும் அவள் காலையில் அரைமணி நேரம் கணுக்கால் நீரில் நடந்தாள். எருமையும் இரண்டு முறை வந்துபோயிற்று. பக்கத்து வீட்டு இளைஞர் மதிலுக்கு மேலாகப் பார்த்து, எதையோ சொல்ல வாயெடுத்து, என் மனைவியின் முகத்தைக் கண்டு, "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

தோட்டக்காரர் பண்டரிபுரத்திலிருந்து கருத்து மெலிந்து திரும்பினார். கழுத்தில் புதிய துளசிமாலை. பின்கதவில் நின்று குளத்தையும், அதில் நடந்துகொண்டிருந்த என் மனைவியையும் நெடுநேரம் பார்த்தார். நான் அவர் சிரிப்பதற்கு ஆயத்தமாயிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குப் பிரசாதப் பொரியைக் கொடுத்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு நீரில் நடந்து, மதிலின் அடியில் நான் பூசிய சிமெண்டை நான்கே குத்தில் பெயர்த்தெடுத்தார்.

தண்ணீர் புறப்பட்டது. முதலில் சுழித்து, பிறகு ஓசையோடு. அவர் துவாரத்தைச் சுட்டிக் காட்டி, "இதர் ஜாயேகா, சாப்" என்றார். இங்கே போகும். கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காதபோது கேட்டவரே விடை சொல்வது நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

மழை ஓய்ந்து மண் சற்று உலர்ந்ததும், அவர் ஒரு நாள் காலையில் வந்து, குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மண்வெட்டியால் இங்கே எடுத்து அங்கே போட்டு, நண்பகலுக்குள் நான்கு விரற்கடைச் சரிவை உண்டாக்கிவிட்டார். அவர் போனபின் எவரும் காணாதவாறு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு கோடிக்குச் சென்று அங்கேயே இருந்துவிட்டது. பல இடங்களில் வைத்தும் அதே கோடிதான். சரிவேயாயினும் சீரான சரிவு என்பதை ஒப்புக்கொண்டு, கருவியைத் துடைத்து வெல்வெட்டுக்குள் வைத்தேன். என் மூன்று வார வேலை அடியில் இருந்ததனால்தான் அவரால் அரை நாளில் முடிக்க முடிந்தது என்பது என் கருத்து. இதை அவரிடம் ஒருமுறை கூறினேன். "டீக் ஹை, சாப்," என்றார்.

தீபாவளிக்குள் புல் கணுக்காலளவு வளர்ந்து, ஒருமுறை வெட்டவும் பட்டது. என் மனைவி அதில் நடந்தாள். இறங்கும்போது கால் தானே போகிறது என்றும், ஏறும்போது சற்று இழுக்கிறது என்றும், தண்ணீரில் நடந்ததே இதைவிடச் சமமாக இருந்தது என்றும் குறைகூறிக்கொண்டு, நாள் தவறாமல் நடந்தாள். வலி முற்றிலும் போயிற்று என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றிப் பேசுவது குறைந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் பரண்மேலிருந்து மூன்று நாற்காலிகளையும் இறக்கினேன். மேசையைச் சுவரோரமாகத் தள்ளி, ஓராண்டுக்குப்பின் இருவரும் எதிரெதிரே அமர்ந்தோம். இலையில் ரசம் ஊற்றியதும் அது என் பக்கமாக மெல்ல ஓடிவந்தது. நான் எழுந்து ரசமட்டத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். ஒரு கால் குட்டை. அட்டை ஒன்றை நான்காக மடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தேன்.

"ஏனுங்க," என்று மேலேயிருந்து குரல் கேட்டது. "அதை அப்படியே விடுங்க. கொட்டறது ஒரு பக்கமா ஓடினாத்தான் எனக்குத் தொடைக்கச் சுளுவு."

நான் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தேன்.